துறைமுகக் குமாஸ்தா திரும்பி வந்தபோது

காட்டுப்பள்ளிக் கடற்கரையில் நின்று கடலைப் பார்த்திருக்கிறீர்களா? மேற்கே கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழி. கிழக்கே வங்கக் கடல். நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. வலை உலர்த்தும் கரைக்கு அருகிலேயே, பெட்டி பெட்டியாகச் சரக்கு இறக்கும் பெரும் பாரந்தூக்கிகள் நிற்கின்றன. கரையோரமாகத் தெற்கே வந்தால் எண்ணூரில் காமராசர் துறைமுகம், பிறகு திருவொற்றியூர், காசிமேடு, இராயபுரம், அதையடுத்துப் பழைய சென்னைத் துறைமுகம். எண்ணூர்த் துறைமுகம் 2001-லும், காட்டுப்பள்ளித் துறைமுகம் அதற்கும் பிறகும்தான் தொழிலைத் தொடங்கின. நூறாண்டுகளுக்கு முன் இந்தக் கரைக்குத் துறைமுகம் என்று இருந்தது கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றே.

இந்தப் பக்கத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கேட்டான்: "சார், ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் உண்டு. வெளிநாட்டுக்குப் போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வருகிறவர் எதைக் கொண்டுவருகிறார்? பட்டம்தானா?"

நல்ல கேள்வி. இதற்கு விடை தேட நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. இதே கரையில் துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து, கப்பலேறிப் போய், ஐந்தாண்டுகள் கழித்துத் திரும்பிய ஒருவரின் வரலாறு நமக்குத் தெரியும். அவர் பெயர் சீனிவாச இராமானுஜன்.

"இராமானுஜன் கதை எங்களுக்குத் தெரியுமே!" என்பீர்கள். ஈரோட்டில் 1887-ல் பிறந்தது, கும்பகோணத்தில் வளர்ந்தது, கல்லூரித் தேர்வில் தவறியது, ஹார்டிக்குக் கடிதம் எழுதியது, கேம்பிரிட்ஜ் போனது எல்லாம் பாடப் புத்தகத்திலேயே உண்டு. ஆனால் அந்தப் பாடங்கள் பெரும்பாலும் கப்பல் ஏறும் இடத்தில் உற்சாகமாக இருக்கும். திரும்பி வரும் இடத்தில் நாலு வரியில் முடிந்துவிடும். நோயாளியாக வந்தார், ஓராண்டில் மறைந்தார், அவ்வளவுதான். அந்த நாலு வரியில்தான் என் மாணவனுடைய கேள்விக்கு விடை இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே முன்கதையைச் சுருக்கமாகவும் பின்கதையை விரிவாகவும் பார்ப்போம்.

முப்பது ரூபாய்ச் சம்பளம்

1912 மார்ச் 1-ஆம் தேதி இராமானுஜன் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் (அன்று எல்லோரும் 'போர்ட் டிரஸ்ட்' என்பார்கள்) மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ஒரு பொறியாளர். அலுவலகத்தின் மேலாளர் நாராயண ஐயர், தாமே கணிதம் அறிந்தவர். சில காலம் ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார் இராமானுஜன். துறைமுகத்தில் கிடந்த பொதி கட்டும் தாள்களை அவர் கணக்குப் போடுவதற்காகத் தேடித் திரிந்ததைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் உண்டு.

1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் அவர் தம்மைப் போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை தந்தது. அன்றைய மாற்று மதிப்பில் பவுனுக்கு 15 ரூபாய் என்று வைத்தால் 3,750 ரூபாய். குமாஸ்தா வேலையில் அவருடைய ஆண்டு வருமானம் 360 ரூபாய். அந்தத் தொகையிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்திலுள்ள தம் தாய்க்குப் போய்ச் சேரவேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டு, 1914 மார்ச் 17-ஆம் தேதி, தாம் வேலை பார்த்த அதே துறைமுகத்திலிருந்து 'நெவாசா' என்ற கப்பலில் புறப்பட்டார்.

அங்கே என்ன செய்தார் என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. பின்னால் நமக்கு அது தேவைப்படும்.

4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதம். இவற்றுக்குப் 'பிரிவினைகள்' என்று பெயர். 5-க்கு 7 பிரிவினைகள், 10-க்கு 42. சிறு பிள்ளை விளையாட்டுப் போல் இருக்கிறதல்லவா? 100-க்கு எத்தனை தெரியுமா? 19,05,69,292. 200-க்கு 3,97,29,99,029,388 என்று எழுதினால் கண் பிசகும். சுமார் நான்கு இலட்சம் கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜர் மாக்மஹோன் என்ற கணித அறிஞர் பொறுமையாக உட்கார்ந்து 200 வரை கையால் கணக்கிட்டு அட்டவணை தயாரித்தார். இராமானுஜனும் ஹார்டியும் 1918-ல் வெளியிட்ட சூத்திரத்தில் எட்டே எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது, 200-க்கான விடை மாக்மஹோன் கண்ட முழு எண்ணிலிருந்து 0.004 மட்டுமே விலகி நின்றது! நான்கு இலட்சம் கோடியில் அந்தப் பிழை.

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஏணிப்படி போல் சம இடைவெளியுள்ள ஆற்றல் நிலைகளில் துகள்கள் நிற்கின்றன. ஒரு படியில் ஒரு துகள்தான் நிற்கலாம். அவற்றுக்கு மொத்தம் n அலகு ஆற்றலைக் கொடுத்தால் அவை எத்தனை விதமாக அதைப் பங்கிட்டுக்கொள்ளும்? விடை, n-இன் பிரிவினைகளின் எண்ணிக்கையே. 1930-களில் அணுக்கருவின் ஆற்றல் நிலைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்று ஆராய்ந்தவர்களுக்கு இந்தச் சூத்திரம் கைகொடுத்தது. இராமானுஜன் அணுக்கருவை நினைத்து எழுதியவர் அல்லர்.

மருத்துவ விடுதியில் முடிந்த படிப்பு

1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருடைய ஆராய்ச்சிக்காக பி. ஏ. பட்டம் வழங்கியது. கல்லூரித் தேர்வில் இரண்டு இடங்களில் தவறியவருக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. பட்டத்தோடு கப்பல் ஏறியிருக்கலாம். ஆனால் 1914 ஆகஸ்டில் தொடங்கிய உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. ஆராய்ச்சியோ நடுவழியில் இருந்தது.

1917 வசந்தத்தில் நோய் வந்தது. கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ விடுதி, பிறகு மெண்டிப் மலைப் பக்கம் ஒன்று, பிறகு மாட்லாக், பிறகு லண்டன் என்று விடுதி விடுதியாக மாற்றினார்கள். காசநோய் என்று கருதிச் சிகிச்சை செய்தார்கள். அந்தக் காலத்தில் காசநோய்க்குத் திறந்த வெளிக் காற்றே மருந்து என்பார்கள். இங்கிலாந்துக் குளிரில் சன்னலைத் திறந்து வைத்துக் கிடப்பது எப்படி இருந்திருக்கும் என்பதைக் காவிரிக் கரையில் வளர்ந்த ஒருவரை மனத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள். உணவோ அதைவிடத் தொல்லை. அவர் சைவ உணவில் சிறிதும் தளராதவர். போர்க் காலத்தில் பாலும் காய்கறியும் எளிதில் கிடைக்கவில்லை.

(1994-ல் டி. ஏ. பி. யங் என்ற மருத்துவர் பழைய குறிப்புகளை எல்லாம் ஆராய்ந்து, அது காசநோய் அன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கக்கூடும் என்று எழுதினார். சென்னையில் 1906-ல் வந்த சீதபேதியின் தொடர்ச்சி என்பது அவர் ஊகம். அப்படியானால் அன்றைக்கே அதற்கு எமட்டீன் என்ற மருந்து இருந்தது. உறுதியாக நிரூபிக்க இனி வழியில்லை.)

பட்டியலில் பதிவாகும் பெருமைகள் எல்லாம் இந்தப் படுக்கையில்தான் வந்து சேர்ந்தன. 1918-ல் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு முன் அந்தப் பெருமை பெற்ற இந்தியர் ஒரே ஒருவர், 1841-ல் பம்பாயின் கப்பல் பொறியாளர் அர்தசீர் கர்செட்ஜி. அதே 1918 அக்டோபரில் டிரினிட்டிக் கல்லூரி அவரைத் தன் பெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஆறு ஆண்டுகள். நிபந்தனை எதுவும் இல்லை. அந்தக் கல்லூரியில் இந்தியர் ஒருவர் அப்பதவி பெற்றது அதுவே முதல் முறை.

டாக்சி எண் 1729 பற்றிய கதையும் இந்தக் காலத்தைச் சேர்ந்ததே. பட்னியில் நோயுற்றுக் கிடந்தவரைப் பார்க்க வந்த ஹார்டி, தாம் வந்த வண்டியின் எண்ணில் சுவையேதும் இல்லை என்றாராம். இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றாராம் இராமானுஜன். 1-இன் கனமும் 12-இன் கனமும். 9-இன் கனமும் 10-இன் கனமும். இதைச் சொல்லும்போதெல்லாம் "என்ன மூளை!" என்று வியந்துவிட்டு விட்டுவிடுகிறோம். அது மின்னல் போல் அந்தக் கணத்தில் தோன்றியது அன்று. இரண்டு கனங்களைக் கூட்டி மூன்றாவது கனம் கிடைக்காது என்பது பழைய தேற்றம். கிடைக்காவிட்டாலும் எவ்வளவு நெருங்கலாம்? அவருடைய தாள்களில் ஒன்றில் இந்த வரிசை இருக்கிறது:

9³ + 10³ = 12³ + 1
6³ + 8³ = 9³ – 1
135³ + 138³ = 172³ – 1
791³ + 812³ = 1010³ – 1

பெருக்கிச் சரிபாருங்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒன்றில் தவறுகிறது. இப்படிப்பட்டவற்றை முடிவில்லாமல் உண்டாக்கும் வழியையும் அவர் எழுதி வைத்திருந்தார். 1729 அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள். பல நாள் பழகிய ஆளைத் தெருவில் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோமா?

ஒரு கடிதம், ஒரு கப்பல்

1918 நவம்பர் 11-ஆம் தேதி போர் நின்றது. கடல்வழி திறந்தது. அந்த மாதமே ஹார்டி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்: உடல் சற்றுத் தேறியிருக்கிறது, ஊருக்குப் போய் இருந்துவிட்டு வரட்டும் என்று. 'போய்விட்டு வரட்டும்' என்பதைக் கவனியுங்கள். நிரந்தரமாகத் திரும்புவதாக யாரும் நினைக்கவில்லை. பல்கலைக்கழகமும் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 250 பவுன் தரவும், இங்கிலாந்து போய்வரக் கப்பல் செலவு தரவும் முன்வந்தது. இரண்டு பக்கமும் சேர்த்தால் ஆண்டுக்கு 500 பவுன்.

இதற்கு இராமானுஜன் 1919 ஜனவரி 11-ஆம் தேதி பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு பதில் எழுதினார். தமக்குக் கிடைக்கப்போகும் மொத்தத் தொகை தம் தேவைக்கு மிக அதிகம் என்கிறார். இங்கிலாந்துச் செலவுகள் தீர்ந்தபின் தம் பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுக்க வேண்டும். தம் அவசியச் செலவு போக மீதியைக் கல்விக்கு, அதாவது ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். கடந்த இரண்டாண்டுகளாக நோயினால் முன்போல் உழைக்க முடியவில்லை, இனிமேல் அதிகம் செய்ய முயல்வேன் என்றும் சொல்கிறார்.

எழுதியவர் 31 வயது நோயாளி. பள்ளிச் சம்பளம் கட்டுவதும், உதவித்தொகை நின்றால் படிப்பு நிற்பதும் என்னவென்று நன்கு அறிந்தவர். சாதனைப் பட்டியல் போடுபவர்கள் இக்கடிதத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது இராயல் சொசைட்டிக்கு அடுத்த வரியில் இருக்கவேண்டியது.

1919 பிப்ரவரி 27-ல் 'நகோயா' என்ற கப்பலில் புறப்பட்டு, மார்ச் 27-ல் பம்பாயில் இறங்கினார். போனபோது சென்னைத் துறைமுகம். வந்தபோது பம்பாயில் இறங்கி இரயில். அழைத்துவரத் தாயும் தம்பியும் போயிருந்தார்கள். மனைவி ஜானகி எங்கே என்று உடனே கேட்டார் என்பர். ஏப்ரல் 2-ஆம் தேதி சென்னை வந்து சேர்ந்தார். கோடைக்குக் கொடுமுடி, பிறகு கும்பகோணம், 1920 ஜனவரியில் மறுபடி சென்னை, கடைசியாகச் சேத்துப்பட்டு. ஏப்ரல் 26-ஆம் தேதி காலமானார். வயது 32.

நாலு வரிக் கதை இங்கே முடிகிறது. நாம் முடிக்க வேண்டாம்.

படுக்கையிலிருந்து போன தபால்

ஊருக்கு வந்தபின் கிட்டத்தட்ட ஓராண்டு அவர் ஹார்டிக்கு எழுதவில்லை. 1920 ஜனவரி 12-ஆம் தேதி ஒரு கடிதம் போயிற்று. இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறார்: புதிய வகைச் சார்புகள் சில கண்டுபிடித்திருக்கிறேன், அவற்றைப் 'போலித் தீட்டாச் சார்புகள்' என்று அழைக்கிறேன் என்று. எடுத்துக்காட்டாகப் பதினேழு சார்புகளைத் தந்திருந்தார்.

தீட்டாச் சார்பு என்றால் என்ன? 1 + 2q + 2q⁴ + 2q⁹ + 2q¹⁶ + ... என்று போகும் தொடர் ஒன்றைப் பாருங்கள். அடுக்குகள் எல்லாம் வர்க்க எண்கள். ஓர் இரும்பு வளையத்தில் ஓரிடத்தை மட்டும் சூடாக்கினால் அந்த வெப்பம் சுற்றிலும் எப்படிப் பரவும் என்ற கணக்கைப் போட்டால் இந்த இனத்துத் தொடர்தான் வரும். இத்தொடர்களுக்கு அற்புதமான ஒரு சமச்சீர் உண்டு. q-வைக் குறிப்பிட்ட ஒரு விதமாக மாற்றினாலும் பழைய உருவமே திரும்பி வரும். இராமானுஜன் கண்டவை, சில இடங்களில் தீட்டாச் சார்பு போலவே நடந்துகொள்ளும். ஆனால் அந்தச் சமச்சீர் அவற்றில் முழுமையாக இல்லை. இருந்தும் ஏதோ ஓர் ஒழுங்கு இருக்கிறது. எந்த ஒழுங்கு? கடிதம் அதைச் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு நாளும் இருக்கவில்லை.

மனைவி ஜானகி அம்மாள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததன்படி, படுக்கையில் கிடந்த நாள்களிலும் அவர் எந்நேரமும் கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தார். வலி எடுக்கும்போது அந்த அம்மையார் ஒத்தடம் கொடுப்பார். இருபது வயதை ஒட்டிய இளம் பெண்.

தாள்களின் பயணம்

அவர் எழுதிய தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. 1923-ல் ஒரு கட்டாக ஹார்டிக்கு அனுப்பப்பட்டன. பிறகு அவை வாட்சன் என்ற கணிதப் பேராசிரியரின் கைக்கு வந்தன. வாட்சன் 1935-ல் லண்டன் கணிதக் கழகத்தில் ஆற்றிய தலைமையுரையின் பொருளே போலித் தீட்டாச் சார்புகள்தான். 1965-ல் வாட்சன் இறந்தார். அவருடைய அறை முழுவதும் காகிதக் குவியல். சில நாளில் எரிக்கப்பட இருந்த அக்குவியலிலிருந்து இந்தத் தாள்களை எடுத்துக் காத்தவர்கள் விட்டேக்கர், ராங்கின் என்ற இருவர். 1968 இறுதியில் அவை டிரினிட்டிக் கல்லூரி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சென்னையில் எழுதப்பட்டவை, எழுதியவர் போக நினைத்துப் போகமுடியாத இடத்துக்குப் போய் உட்கார்ந்தன.

1976-ல் அமெரிக்கர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அங்கே வேறு தாள்களைத் தேடிப் போனவர், பெட்டியில் இந்தக் கையெழுத்தைப் பார்த்தார். போலித் தீட்டாச் சார்புகளில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். ஆகவே, பார்த்தவுடனே அது என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள், 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள், விளக்கச் சொல் ஏறக்குறைய இல்லை. பெரும்பகுதி அந்தக் கடைசி ஆண்டில் எழுதப்பட்டது. 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்று உலகம் அதை அழைக்கிறது. 1987-ல் அது அச்சாயிற்று.

போலித் தீட்டாவின் புதிர் அவிழ இன்னும் பதினைந்தாண்டு ஆயிற்று. ஹாலந்தின் உட்ரெக்ட் நகரில் ஸ்வெகர்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் 2002-ல் தம் முனைவர் பட்ட ஆய்வில் விடை கண்டார். போலித் தீட்டாச் சார்பு, ஓர் உருவத்தின் பாதி. மறுபாதி எது என்று கண்டு அதனோடு சேர்த்தால் சமச்சீர் முழுமையாக வந்துவிடுகிறது. 2012-ல் தபோல்கர், மூர்த்தி, சாகியர் என்ற மூவர் கருந்துளைகளின் நுண்ணிலைகளை எண்ணும் கணக்கில் இந்தச் சார்புகள் வருவதைக் காட்டினார்கள். கருந்துளை என்ற சொல்லே 1920-ல் பிறக்கவில்லை.

இங்கே நம் வடசென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. ஜார்ஜ் டவுன் முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி. கே. சீனிவாசன் என்பவர், இராமானுஜனை அறிந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கடிதங்களையும் நினைவுகளையும் திரட்டினார். அப்பள்ளியின் பழைய மாணவர்கள் 1968-ல் அவற்றை நூலாக வெளியிட்டார்கள். இராமானுஜன் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் அந்த நூலைத் தொடாமல் எழுத முடியவில்லை. 1993-ல் இராயபுரத்தில் இராமானுஜனுக்கு ஓர் அருங்காட்சியகமும் அமைந்தது. அதற்கும் முன்னின்றவர்களுள் அந்த ஆசிரியர் ஒருவர். ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் 1994 வரை வாழ்ந்தார். தம் கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று அவர் கேட்டது பத்திரிகையில் வந்தது. அதைப் படித்து மனம் வருந்திய அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கி, 1980-களில் பல நாட்டுக் கணித அறிஞர்களிடம் பணம் திரட்டி மார்பளவுச் சிலை செய்வித்தார். ஆக, சிலைகூட வெளியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது!

நீங்களே போடக்கூடிய கணக்கு

அந்த ஜனவரிக் கடிதத்தில் இருந்த முதல் சார்பை உயர்நிலைப் பள்ளி மாணவரான நீங்களே ஓரளவு கணக்கிட முடியும் என்றால் நம்புவீர்களா? நமக்கு வழி காட்டுபவர் பிரீமன் டைசன். பிற்காலத்தில் குவாண்டம் மின்னியக்கவியலில் பெயர் பெற்ற அதே டைசன்தான். 1944-ல், வயது இருபது, அவர் ஒரு மாணவர் இதழில் எழுதிய கட்டுரையில் இந்த வழி இருக்கிறது.

ஒவ்வொரு பிரிவினைக்கும் ஒரு 'தரம்' கொடுங்கள். மிகப் பெரிய பகுதியிலிருந்து பகுதிகளின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவதே தரம். 4-இன் பிரிவினைகளை எடுத்துக்கொள்வோம். 4 என்பதற்கு 4 – 1 = 3. 3+1 என்பதற்கு 3 – 2 = 1. 2+2 என்பதற்கு 0. 2+1+1 என்பதற்கு –1. 1+1+1+1 என்பதற்கு –3. இந்த ஐந்தையும் 5-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள் (குறை எண்ணானால் 5-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்): 3, 1, 0, 4, 2. ஐந்தும் ஐந்து விதம்! 4, 9, 14, 19, 24 என்று போகும் எண்களின் பிரிவினைகளின் எண்ணிக்கை எப்போதும் 5-ஆல் வகுபடும் என்று இராமானுஜன் 1919-ல் வெளியிட்டிருந்தார்: 5, 30, 135, 490, 1575. ஏன் வகுபடுகிறது என்பதைக் கண்ணால் காட்டுகிறது டைசனின் தரம்: பிரிவினைகள் ஐந்து சம கூட்டங்களாகப் பிரிந்து நிற்கின்றன.

இப்போது வேறு விதமாக எண்ணுங்கள். தரம் இரட்டைப்படையாக உள்ள பிரிவினைகளின் எண்ணிக்கையிலிருந்து ஒற்றைப்படையாக உள்ளவற்றைக் கழியுங்கள். 4-க்கு இரட்டை ஒன்று (0), ஒற்றை நான்கு, விடை –3. இப்படியே 1-க்குப் போட்டால் 1, 2-க்கு –2, 3-க்கு 3, 5-க்கு 3. இவற்றைக் குணகங்களாக வைத்து எழுதினால்,

1 + q – 2q² + 3q³ – 3q⁴ + 3q⁵ – ...

இதுதான் இராமானுஜன் தம் கடிதத்தில் முதலாவதாக எழுதி அனுப்பிய போலித் தீட்டாச் சார்பு. அவர் தரத்தைக் கொண்டு இதை அடையவில்லை. வேறு உருவில் எழுதினார். இரண்டும் ஒன்றே என்பது பின்னால் தெரிந்தது. குணகங்கள் ஏறத்தாழ எவ்வளவு என்பதற்கும் ஒரு சூத்திரம் அக்கடிதத்தில் இருந்தது.

அடுத்த உறுப்பை நீங்கள் கண்டுபிடியுங்கள். 6-க்கு 11 பிரிவினைகள் உண்டு. ஒன்றும் விடுபடாமல் எழுதித் தரம் போட்டு, இரட்டையிலிருந்து ஒற்றையைக் கழித்தால் –5 வர வேண்டும். வராவிட்டால் 3+2+1 அல்லது 2+2+2 விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். 7-க்கு 15 பிரிவினைகள். அதன் விடையை நான் சொல்லப்போவதில்லை.